இரண்டரை தெரியாத கார்டு

வீடு வீடாகப் போய் ரௌட்டர் மாட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார்கள். கேட்டவர்கள் என்னைப் பற்றிச் சரியாக விசாரிக்கவில்லை. நான் ஏழாவது ஃபெயில். ஒரே ஏழாவதை இரண்டு வருஷம் படித்து, இரண்டாவது வருஷம் முதல் வருஷத்தைவிடக் குறைவாக மார்க் வாங்கியவன். இங்கிலீஷில் எண்களைப் படிப்பேன், என் பெயரைப் படிப்பேன். கரண்டு பெட்டியில் அபாயம் என்று எழுதியிருந்தால் மண்டை ஓட்டுப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். இப்போதுகூட நான் பேசுகிறேன், என் மருமகள் எழுதுகிறாள். என் வாயில் வருவதை அப்படியே எழுதினால் யாரும் அச்சடிக்க மாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆகவே இதில் மரியாதையாகத் தெரிவது அவளுடையது, மிச்சம் என்னுடையது.

திருவொற்றியூரில் கேபிள் டிவிக்கு வயர் இழுக்கிறவனாக ஆரம்பித்தேன். மாடிக்கு மாடி தாவும் வேலை. குரங்கு தாவினால் ஜனங்கள் வாழைப்பழம் கொடுப்பார்கள், நான் தாவினால் படம் தெரியவில்லை என்று திட்டுவார்கள். அப்புறம் அதே வயரில் இண்டர்நெட் வந்தது. அதற்கப்புறம் ஃபைபர் வந்தது. நானும் பின்னாலேயே போனேன். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, அதில் நெட்வொர்க் கார்டு செருகி, இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேரை ஏற்றினால் அதுவே ரௌட்டர். கடையில் விற்கும் பெட்டி செய்யாத வேலையெல்லாம் செய்யும். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை அப்படி நிறைய செய்து கொடுத்திருக்கிறேன். அந்த சாஃப்ட்வேரில் எங்கே அமுக்க வேண்டும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இடது பக்கம் மூன்றாவது, அப்புறம் கீழே கடைசி என்று கண்ணால் மனப்பாடம். அதைச் செய்தவர்கள் பக்கத்தின் கலரை மாற்றினால் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல்.

வாடிக்கையாளர் யாருக்கும் நான் படிக்காதவன் என்பது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன். யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். உண்மையில் எனக்குக் கண்ணாடியே கிடையாது. எறும்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மாடியிலிருந்து சொல்வேன்.

நான் தொழிலை விட்ட வருஷத்துக்கு முந்தின வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் ஸ்டெல்லா என்று ஒரு அம்மா. நாற்பது வயசு இருக்கும். அவருடைய தம்பி ஹார்பரில் முக்குளிக்கிறவர். கப்பல் தண்ணீரில் நிற்கும்போதே அவரும் கூட்டாளிகளும் கீழே இறங்கி, அதன் அடிவயிற்றைக் கேமராவில் பிடித்துக்கொண்டு வருவார்கள். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு அதிகாரி அந்தப் படத்தைப் பார்த்து, அடி நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் கப்பல் கிளம்பும். படத்தை ஒழுங்குபடுத்தி, அந்த அதிகாரிக்கு நெட்டில் அனுப்புவது ஸ்டெல்லாவின் வேலை. ஒரு ஏஜென்சி அவருக்கு மூன்று கப்பலைச் சோதனையாகக் கொடுத்திருந்தது. மூன்றும் சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க வரும் கப்பலெல்லாம் அவருக்கு. ஒன்று பிந்தினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இதை நம்பி, பத்து வருஷமாகப் பார்த்த ஷிப்பிங் ஆபீஸ் வேலையை அவர் விட்டிருந்தார்.

கப்பல் எவ்வளவு பெரிசோ படமும் அவ்வளவு பெரிசு. இருந்த ஒரு ஜிகா வேக லைன் போதாது என்று இரண்டு ஜிகா லைனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கம் வாரத்துக்கு ஒரு தடவை யாராவது ரோட்டைத் தோண்டுவார்கள் என்பதால், இன்னொரு கம்பெனியிலும் ஒரு சின்ன லைன் வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து மேய்க்கிற ஒரு ரௌட்டர் செய்து தரும்படி என்னைக் கூப்பிட்டார்.

இங்கேதான் கார்டு வருகிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் பாஷையில் சொல்கிறேன். நெட்வொர்க் வேகத்துக்குப் படிகள் உண்டு. ஒன்று, இரண்டரை, ஐந்து, பத்து. இரண்டு ஜிகா லைன் வாங்கினால், நெட் கம்பெனிக்காரர்கள் சுவரில் மாட்டும் வெள்ளைப் பெட்டியில் வயர் செருக இரண்டரை ஜிகா போர்ட் ஒன்று இருக்கும். அந்த போர்ட்டோடு பேசத் தெரிந்த கார்டு நமக்கு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு கார்டு காட்டினார். ஒன்று புதிசு, இரண்டரை ஜிகா, இரண்டு போர்ட், பிஸ்கட் பாக்கெட் சைஸ். கையில் வைத்தால் வைத்த மாதிரியே தெரியவில்லை. இன்னொன்று எங்கோ பெரிய கம்பெனி சர்வரிலிருந்து கழற்றிய பழைய கார்டு. பத்து ஜிகா. இதிலும் இரண்டு போர்ட். மேலே அலுமினியத்தில் சூடு தணிக்கும் பட்டை, கனம் ஒரு கால் கிலோ. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். நீங்கள் படித்தவர்கள். நான் கத்திரிக்காய் வாங்குகிற மாதிரி இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். கனமானதை வாங்கினேன்.

கேபிள் தொழிலில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சந்தில் பன்னிரண்டு வீடு இருந்தால், இருபது வீட்டுக்கு ஆகிற ஆம்ப்ளிஃபையரைப் போடுவோம். பெரியதைப் போட்டால் சின்னது அதற்குள் அடக்கம். அந்தப் புத்தியோடு வளர்ந்தவன் நான். பத்துக்குள் இரண்டரை எப்படி இல்லாமல் போகும்?

மாட்டுகிற அன்றைக்கு ஸ்டெல்லா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, சொவுத்துல கீற பெட்டில ரெண்டரைன்னு போட்ருக்கு. நீங்க வாங்கினு வந்ததுல பத்துன்னு கீது. ரெண்டும் ஒத்துப் போவுமா?" என்று கேட்டார். அத்தனை நெட்வொர்க் எஞ்சினியர்களும் கேட்க வேண்டிய கேள்வி அது, தம்பி தங்கைகளே. அதை ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

நான் சொன்னேன்: "பத்து வரிக்கும் எண்ணத் தெரிஞ்சவனுக்கு ரெண்டரை தெரியாதாம்மா?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அதுதான் கெட்ட பழக்கம். எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டால் நான் சொன்னது உண்மை என்று நானே நம்பிவிடுவேன். சிரித்த பிறகும் அவர் விடவில்லை, மாடல் நம்பரைச் சொல்லுங்கள், நெட்டில் போட்டுப் படித்துப் பார்க்கிறேன் என்றார். அவர் படித்துவிட்டு ஏதாவது இங்கிலீஷில் என்னைக் கேட்டால்? கார்டை ஸ்லாட்டில் வைத்து அழுத்தி, மூடியைப் போட்டு, ஸ்குரூவை முறுக்கிவிட்டேன். இனிமேல் கழற்ற முடியாதும்மா என்றேன். நாலு ஸ்குரூ. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஸ்குரூ முறுக்கியதில்லை.

அரை மணி நேரத்தில் கார்டு அணைந்துவிட்டது. சர்வர் அறையில் ஏசிக் குளிரில், பேய்க்காற்று அடிக்கிற ஃபேனுக்கு நடுவில் வாழ்ந்த கார்டு அது. அதை ராயபுரத்து மே மாசத்தில் ஒரு மூடிய டப்பாவுக்குள் அடைத்தால் அது என்ன செய்யும், மயக்கம்தான் போடும். கழற்ற முடியாது என்று சொன்ன அதே நாலு ஸ்குரூவை நானே கழற்றினேன். மூடியை எடுத்துவிட்டு, டேபிள் ஃபேன் ஒன்றை நேராக வைத்தேன். ஓடியது. எங்கள் பக்கத்துக் காற்றில் உப்பும் உண்டு, அனல் மின் நிலையத்துக் கரியும் உண்டு. ஒரு வாரத்தில் உள்ளே எல்லாம் கண்மை பூசின மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் போவேன். பார்த்தால் கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் கலைக்கிற மாதிரி இருக்கும்.

அந்த வாரமே லைன் இரண்டு ஜிகாவுக்கு மாறியது. ஆனால் ஸ்டெல்லா வேகத்தைச் சோதித்துப் பார்த்தால் தொள்ளாயிரத்துச் சொச்சம்தான் காட்டியது. கிட்டத்தட்ட ஆயிரம், அதாவது பழைய ஒரு ஜிகாதான். எனக்குப் போன் செய்தார். நான் யோசிக்கக்கூட இல்லை. "அவனுங்க பாதிதான் குடுக்குறானுங்கம்மா, நான் பேசிக்கிறேன்" என்றேன். நெட் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டு, உங்கள் லைன்மேன் சரியாக வேலை செய்யவில்லை என்று புகார் கொடுத்தேன்.

அந்த லைன்மேன் நிஜாம் பாய். வண்ணாரப்பேட்டை ஆள். முப்பத்தைந்து வயசு, அதிகம் பேச மாட்டார், கம்பத்தில் ஏறினாலும் சட்டை கசங்காது. என்னை மாமு என்பார். பாவம், இரண்டு தடவை வந்து ஃபைபரைத் துடைத்து, பெட்டியை மாற்றிப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது மாமு என்றார். நான் நக்கலாகச் சிரித்தேன். அவருடைய ஆபீசில் சூப்பர்வைசர் அவரை நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டாராம். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

முதல் இரண்டு கப்பலும் சின்னது. ஒரு ஜிகாவிலேயே படம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாவதுதான் பெரிசு. நாலு கேமராவில் விடியற்காலையிலிருந்து எடுத்த படம். அன்றைக்குப் பகல் ஒன்றரை மணிக்கு ஸ்டெல்லாவின் தம்பி ஈரத் தலையோடு டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி படகுக்குப் போய்விட்டார். மூன்றரைக்குள் படம் முழுவதும் அந்த அதிகாரியிடம் இருக்க வேண்டும். அவர் பார்த்துச் சொன்னால்தான் சாயங்காலம் கப்பலை வெளியே எடுக்க முடியும்.

ஸ்டெல்லா அனுப்ப ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொன்னது: முடிய இரண்டரை மணி நேரம். அதாவது நாலு மணி. அந்தச் சின்ன லைனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், காலையில்தான் மூலையில் ரோட்டைத் தோண்டி அதை அறுத்திருந்தார்கள். ஸ்டெல்லா எனக்கும் போன் செய்தார், நிஜாம் பாய்க்கும் செய்தார். இரண்டு பேரும் இரண்டு மணிக்கு அந்த மாடிப்படியில் ஒன்றாக ஏறினோம்.

நிஜாம் பாய் வெள்ளைப் பெட்டியில் இருந்த சோதனைப் பக்கத்தைத் தன் போனில் திறந்து ஸ்டெல்லாவிடம் காட்டினார். லைனிலிருந்து பெட்டி வரை இரண்டு ஜிகா முழுசாக வந்து நின்றுகொண்டிருந்தது. பிறகு பெட்டியிலிருந்து என் ரௌட்டருக்குப் போகிற போர்ட்டின் விளக்கைக் காட்டினார். "பெட்டி ரெண்டரைல பேசுறதுக்கு ரெடியா கீதுக்கா. அந்தப் பக்கத்துலருந்து ஒண்ணுன்னு பதில் வருது. அதான் இதுவும் எறங்கி ஒண்ணுல பேசுது."

அந்தப் பக்கம் என்றால் நான். என் கார்டு.

அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பத்து ஜிகா கார்டு வந்த காலத்தில் இரண்டரை என்ற படியே கிடையாது. அதற்குத் தெரிந்தது ஒன்று, இல்லையென்றால் பத்து. நடுவில் ஒன்றும் தெரியாது. அது என்ன செய்யும், தனக்குத் தெரிந்த ஒன்றுக்கு இறங்கிவிட்டது. என்னை மாதிரியே ஒரு ஜென்மம், தெரியாது என்று சொல்லாமல் தெரிந்ததை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது.

இப்போது உங்களுக்கு நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது அதற்கடுத்த பத்து நிமிஷம். புரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. "கேபிள்ல ஏதோ கீது" என்றேன். பையிலிருந்து புது கேபிள் எடுத்து மாற்றினேன். படம் ஒரு நொடி நின்று மறுபடி போனது. அதே ஒன்று. முனையைத் துடைத்தேன். இன்னொரு கேபிள். எல்லாம் எனக்குத் தெரிந்தே செய்தேன். ஒரு கப்பல் ஹார்பரில் காத்துக்கொண்டிருக்க, ஒரு அம்மாவின் வேலை கைவிட்டுப் போய்க்கொண்டிருக்க, நான் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் இன்னும் நாலு கேபிள் மாற்றியிருப்பேன். கோபம் இல்லை. நான் ஏதோ செய்து காப்பாற்றிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தேன்.

"கேபிள் இல்லம்மா. கார்டுதான். இதுக்கு ரெண்டரை தெரியாது. நீ அன்னிக்கே கேட்ட. எனுக்குப் படிக்கத் தெரியாது, அத்த சொல்ல வெக்கப்பட்டுக்கினு உன்கிட்ட ஜோக் அட்ச்சேன். பாய் மேல தப்பே இல்ல."

எனக்கு உடனே தலை லேசான மாதிரி இருந்தது, அதுதான் ஆச்சரியம். பொய்யைத் தாங்குவதற்கு மூளையில் பாதி போய்விடுகிறது. அது விட்டுப்போனதும் வழி கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டர் புதிசு, அதிலேயே இரண்டரை போர்ட் உண்டு. என் ரௌட்டர்தான் நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, வெள்ளைப் பெட்டியிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு வயரைப் போட்டால் முடிந்தது. நான் செய்து கொடுத்த ரௌட்டரைக் கழற்றுவதுதான் அன்றைக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்ல வேலை.

ஆனால் அதற்கு, ஓடிக்கொண்டிருக்கிறதை நிறுத்த வேண்டும். போய்ச் சேர்ந்த ஃபைல்கள் போனதுதான். பாதியில் இருப்பது மறுபடி முதலிலிருந்து. மாற்றி முடிக்கிற நேரமும் வீண். மாற்றியும் வேகம் வரவில்லை என்றால், நாலு மணிக்காவது முடிந்திருக்க வேண்டியது ஐந்து மணியாகும்.

"நிறுத்தும்மா" என்றேன்.

ஸ்டெல்லாவின் கை மவுஸில் இருந்தது. அமுக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, நிஜாம் பாயைப் பார்த்தார். பார்க்கத்தானே செய்வார். இரண்டு வாரமாகப் பொய் சொன்னவன் நான். அந்த அறையில் என் வார்த்தைக்கு அப்போது மதிப்பு கிடையாது.

நிஜாம் பாய்க்கு அது ஒரு நல்ல வாய்ப்பு. தெரியலக்கா, அவரையே கேளுங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நானாக இருந்தால் நகர்ந்திருப்பேன், போகும்போது ஒரு ஜோக்கும் அடித்திருப்பேன்.

அவர் சொன்னது: "மாமு சொல்றது கரீட்டுக்கா. நிறுத்துங்க."

ஸ்டெல்லா அமுக்கினார்.

அங்கே இன்னொரு முடிச்சு இருந்தது. வெள்ளைப் பெட்டி நேராகக் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும் என்றால் அதன் அமைப்பை ஆபீசிலிருந்து மாற்ற வேண்டும். நிஜாம் பாய் போன் போட்டார். சூப்பர்வைசர் முடியாது என்றார். அந்த லைன் மேல் புகார் நிலுவையில் இருக்கிறது, அது முடியும்வரை யாரும் கை வைக்கக்கூடாது, குறிப்பாக நீ கை வைக்கக்கூடாது என்று அவர் சொன்னது போனுக்கு வெளியிலேயே கேட்டது. நிஜாம் பாயின் காது சிவந்துபோனது. புகார் கொடுத்த மகான் பக்கத்தில்தான் நிற்கிறான்.

போனை வாங்கினேன். "சார், கம்ப்ளெயிண்ட் குட்த்த சேகர் பேசறேன். வாபஸ் வாங்கிக்கிறேன் சார். உங்க ஆளு மேல தப்பில்ல. நான் ராங்கா கார்டு போட்டுட்டு அவர் மேல சொல்லிட்டேன்."

இது பதிவாகிறது தெரியுமா, வாடிக்கையாளர் பெயரில் நீங்கள் தவறான புகார் கொடுத்ததாக எழுதுவேன் என்றார். எழுதிக்குங்க சார், ஆனால் முதலில் பெட்டியை மாற்றிவிட்டு எழுதுங்கள் என்றேன். என்ன நினைத்தாரோ, மாற்றினார்.

பெட்டி அணைந்து எரிவதற்கு நாலு நிமிஷம் ஆனது. அந்த நாலு நிமிஷத்தில் ஸ்டெல்லா ஜெபம் சொன்னார், நிஜாம் பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். நான் எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் என் ரௌட்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன். வயர் கம்ப்யூட்டரில் ஏறியது. ஸ்டெல்லா மறுபடி அனுப்ப ஆரம்பித்தபோது மணி இரண்டு முப்பத்திமூன்று. வேகம் காட்டும் எண் ஏறியது. ஆயிரத்தைத் தாண்டியது, ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. மிச்ச நேரம் ஐம்பது நிமிஷம் என்று காட்டியது.

அதற்கப்புறம் ஐம்பது நிமிஷம் மூன்று பேரும் குந்திக்கொண்டு ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்தோம். ஸ்டெல்லா டீ போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் கொடுத்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நிஜாம் பாய் டீயை ஊதிக்கொண்டே, அந்தப் பழைய கார்டை என்ன செய்யப்போகிறாய் மாமு என்று விசாரித்தார். தெரியவில்லை என்றேன். "கப்பல்ல குடுத்து வுடு. நங்கூரத்துக்கு ஆவும்" என்றார். அவர் ஜோக் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டெல்லா டீயைத் துப்பிவிட்டார்.

மூன்று இருபத்திமூன்றுக்குக் கோடு முடிந்தது. வந்து சேர்ந்தது என்று அந்த அதிகாரியிடமிருந்து ஒரு வரி வந்தது. ஸ்டெல்லா அதை எனக்குப் படித்துக் காட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே படித்தார்.

அடுத்த வாரம் மறுபடி ரிச்சி தெரு. அதே கடை. "நைனா, அஞ்சு ஜிகா கார்டு வந்துகீது, இத்தப் போட்டுக்கினா பத்து வருசத்துக்குக் கவலயில்ல" என்றார் கடைக்காரர். போன தடவை மாதிரி கையில் தூக்கிப் பார்க்கவில்லை. போனில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, கேமராவை அட்டைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தேன். ஒரு எழுத்து விடாமல் படிக்கச் சொன்னேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெரியவருக்குப் படிக்கத் தெரியாதா என்று ஒருத்தர் கேட்டார். தெரியாது என்றேன். ரிச்சி தெருவில் முப்பது வருஷமாகச் சொல்லாத வார்த்தை. ஒன்றும் ஆகவில்லை. அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

நாலு கார்டைப் படித்தோம். எந்தெந்தப் படியில் பேசும் என்ற வரியை ஸ்டெல்லா இரண்டு தடவை படித்தார். நம் பழைய கம்ப்யூட்டரில் காலியாக இருக்கும் ஸ்லாட்டின் நீளத்துக்கு அது பொருந்துமா, நாம் ஏற்றுகிற இலவச சாஃப்ட்வேருக்கு அதிலிருக்கும் சிப்பைத் தெரியுமா, ஃபேன் இல்லாமல் நம்ம ஊர் வெயிலில் தாங்குமா என்று பார்த்தோம். நல்ல பெயரை ஸ்டிக்கராக ஒட்டிய டூப்ளிகேட்டும் உண்டு என்பதால், ஸ்டிக்கரை விட்டுவிட்டு சிப்பின் மேல் பொறித்திருப்பதைப் படிக்கச் சொன்னேன். ஒரு கார்டில் இரண்டும் வேறு வேறாக இருந்தது. கடைக்காரர் அதை மெதுவாக உள்ளே வைத்துவிட்டார். கடைசியில் எடுத்தது முதல் தடவை வேண்டாம் என்று வைத்த அந்த பிஸ்கட் பாக்கெட் கார்டுதான். இரண்டரை ஜிகா, ஃபேன் வேண்டாம், கரித்தூள் அடைய இடமும் கிடையாது. உப்புக் காற்றில் ஒன்று போனால் மாற்ற இன்னொன்று என்று இரண்டாக வாங்கினேன்.

நிஜாம் பாயே வந்து வெள்ளைப் பெட்டியைப் பழையபடி மாற்றிக் கொடுத்தார். நான் கேபிளைச் செருகினேன். இரண்டு பேரும் விளக்கைப் பார்த்தோம். இரண்டரையில் பேசியது.

ஏஜென்சி ஸ்டெல்லாவுக்கு வருஷம் முழுக்க வேலை கொடுத்தது. நாலாவது கப்பல் வந்த அன்றைக்கு, யாரும் கூப்பிடாமலே நான் போய் உட்கார்ந்துகொண்டேன். படம் போகத் தொடங்கியது. நான் விளக்கையும் பார்த்தேன், எண்ணையும் பார்த்தேன், கார்டைத் தொட்டுச் சூடும் பார்த்தேன். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா சொன்னார்: "அண்ணா, நீங்க கெளம்புங்க. அது பாட்டுக்குப் போயிக்கினு கீது."

வாடிக்கையாளர் நம்மைப் போகச் சொன்னால் உங்களுக்கு முகம் வாடும். வாடக்கூடாது, தம்பி தங்கைகளே. நம் தொழிலில் அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் கிடையாது. இருந்தாலும் நான் யார், சந்தேகப் பிராணி. கீழே இறங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. போன் அடிக்கவேயில்லை. யாரும் கூப்பிடாமல் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் நின்றதில்லை.